ஒற்றைக் கால் வண்டி

தனசேகரன் அளந்து பேசுகிறவர். அவரைப் பிடிக்காதவர்கள்கூட அதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் வண்டி என்று பேச்சு வந்துவிட்டால் மட்டும் அவருக்கு அளவு தவறிவிடும். மகன் வருணின் கல்யாண விருந்தில், மேசை நிறைய உறவினர் கேட்டுக்கொண்டிருக்க, அப்படித்தான் தவறியது.

புதுச் சம்பந்தி பரமசிவம் யதார்த்தமாகத்தான் பேச்சை எடுத்தார். "என்னோடது ஆட்டோ கியர் வண்டி. இந்த டிராஃபிக்குல அதுதான் நிம்மதி. நீங்களும் மாறியிருக்கலாமே சம்பந்தி."

"ஆட்டோவா?" என்றார் தனசேகரன். "கடவுள் ரெண்டு கால் கொடுத்திருக்கான். ஒத்தக் காலால வண்டி ஓட்டுறதா? அது பிரியாணிய ஸ்பூன்ல சாப்பிடுற மாதிரி சம்பந்தி. வயிறு ரொம்பும், இல்லேங்கல. ஆனா சாப்பிட்டதா ஆகுமா?"

மேசையே குலுங்கியது. பரமசிவமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் கையிலிருந்த ஸ்பூனை மெதுவாகத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அதைத் தனசேகரன் பார்த்துவிட்டார். பார்த்த பிறகு சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம் இல்லை.

அந்த வீட்டுக்கு வண்டி என்பது வெறும் வண்டி அல்ல. தனசேகரனின் தகப்பனார் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர். தனசேகரன் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளர். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து சாங்கிக்கு, தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, வேலையில் இருந்த காலம் முழுக்கத் தம் பழைய காரின் கிளட்ச்சை மிதித்தே போய் வந்தார். ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. ஓய்வு பெற்ற வருடம் அந்தக் காருக்கு அரசாங்கம் கொடுத்திருந்த காலக்கெடு முடிந்தது. வண்டி உடைக்கப் போயிற்று. அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆனாலும் வயதானவர்களுக்கான மருத்துவப் பரிசோதனைக்குத் தவறாமல் போய் வந்தார். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் உரிமம் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆட்டோ கியர் வண்டி ஒன்றை அவர் வாழ்நாளில் ஓட்டியதே கிடையாது. அது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதில்லை.

பேத்தி பிறந்து நடக்கவும் ஆரம்பித்த பிறகு, அதே வீட்டில் இருந்த வருணும் மருமகள் வைதேகியும் ஒரு சின்னக் குடும்பக் கார் வாங்குவதென்று முடிவு செய்தார்கள். கிளட்ச் வைத்த சின்னக் கார் எந்த ஷோரூமிலும் இல்லை என்று வருண் சொன்னான். இருந்தாலும் பயனில்லை. வைதேகியின் உரிமம் ஆட்டோ கியருக்கு மட்டும் கொடுப்பது. தனசேகரன் தலையை அசைத்தார். பிள்ளைகளின் காலம், பிள்ளைகளின் வண்டி. அவருக்கு என்ன வந்தது?

அவருக்கு என்ன வந்தது என்பது, சேதி கேட்டுப் பரமசிவம் வீட்டுக்கு வந்த அன்று தெரிந்தது. பரமசிவம் டெக்கா சந்தைக்கு மேலே உள்ள அடுக்குமாடியில் தனியாக இருக்கிறவர். மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அன்று ரயிலில் வந்து இறங்கியிருந்தார். கார் வொர்க்‌ஷாப்பில் இருப்பதாகச் சொன்னார். தோசையைப் பிட்டபடி எல்லோரும் கேட்கும்படி, "கோயில் பூஜை அன்னிக்கு எலுமிச்சம்பழத்து மேல வண்டிய நீங்கதான் ஏத்தணும் சம்பந்தி," என்றார். "வீட்டுக்குப் பெரியவர் நீங்க. உங்களை விட்டா யாரு?"

புது வண்டிக்குப் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்படும். கண்ணேறு கழியும் என்பது நம்பிக்கை. மற்ற வீடுகளில் யார் வேண்டுமானாலும் ஏறி உட்கார்ந்து ஓட்டுவார்கள். தனசேகரன் வீட்டில் அப்படி இல்லை. மூத்த ஆண்மகன்தான் ஓட்ட வேண்டும். தகப்பனார் காலத்திலிருந்து வருகிற சட்டம். இதுவரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

"அதுக்கென்ன, ஓட்டிட்டாப் போச்சு," என்றார் தனசேகரன்.

சொல்லிவிட்டுப் பரமசிவத்தின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒரு சிரிப்பு இருந்தது. அன்றைக்குத் தட்டின் ஓரத்தில் வைத்த ஸ்பூனை இப்போதுதான் எடுக்கிறார் என்று தனசேகரனுக்குப் பட்டது.

மறுநாள் காலைத் தேநீரின்போது மனைவி பூவம்மா விஷயத்துக்கு வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கணவரின் நெற்றிச் சுருக்கத்தைப் படிக்க அவளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டதில்லை.

"ஏங்க, உங்களுக்கு அந்த வண்டி ஓட்ட வராதுல்ல?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ராத்திரி முழுக்க இடது காலை உதைச்சிக்கிட்டுக் கெடந்தீங்க. என் முட்டி வீங்கிப்போச்சு. வைதேகிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா அவ காட்டிக் கொடுப்பா. இல்லாட்டி வருண்கிட்ட கேளுங்க."

"மருமககிட்ட போயி, எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தாம்மான்னு நிக்கச் சொல்றியா?"

"தெரியாதுன்னு சொன்னாத் தலையா போயிடும்?"

"தலை போனாப் போகட்டும் பூவம்மா. இருக்கிற வரைக்கும் நிமிந்து இருக்கணும்."

அவள் தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டு, வலது காலை மட்டும் இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தார். வலது கால் சொன்னபடி கேட்டது. இடது கால்தான் கேட்கவில்லை. வலது கால் அசைந்தபோதெல்லாம் அதுவும் பின்னாலேயே கிளம்பியது. காலமெல்லாம் கிளட்ச் மிதித்த கால் அது. திடீரென்று வேலை இல்லை என்றால் அதற்கு எப்படிப் புரியும்?

ஆட்டோ கியர் வண்டியில் கிளட்ச் கிடையாது. கிளட்ச் இருந்த இடம் வரைக்கும் பிரேக் நீண்டிருக்கும். பழக்கத்தில் இடது காலால் ஓங்கி மிதித்தால் வண்டி அங்கேயே ஆணி அடித்தாற்போல நிற்கும். உள்ளே இருப்பவர்களின் நெற்றி முன் கண்ணாடியை முத்தமிடும். கோயில் வாசலில், சம்பந்தியின் கண்ணெதிரே, மாலை போட்ட வண்டி அப்படி ஒரு குதி குதித்து நின்றால்? அதைப் புக்கிட் பாஞ்சாங் முதல் டெக்கா வரை பேசி ஓய எத்தனை தீபாவளி ஆகும்?

அடுத்த வாரம், சாங்கியில் பழைய நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வாடகைக் கார் ஒன்றை வரவழைத்தார். வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவர் அன்று முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். ஓட்டுநர் முனீரா என்கிற நடுத்தர வயதுப் பெண். தலையில் துடோங் முக்காடு, கையில் மெல்லிய வெயிலுறை. வண்டி விரைவுச்சாலையில் ஏறும்வரை பொறுத்துப் பார்த்தாள்.

"அங்கிள், கீழ ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"இல்லம்மா."

"ஏறுனதுலேர்ந்து என் காலையே பார்த்துக்கிட்டு வர்றீங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு. கேமரா ஓடுது, சொல்லிட்டேன்."

தனசேகரனுக்குக் காதுமடல் சுட்டது. அவருடைய குலத்தில் யாரும் இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை. ஆனால் அறிமுகமில்லாதவளிடம் உண்மையைச் சொல்வது தெரிந்தவர்களிடம் சொல்வதைவிட எளிதாக இருந்தது. வேகமாக, முன் கண்ணாடியைப் பார்த்தபடி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எலுமிச்சம்பழம், சம்பந்தி, ஸ்பூன் உட்பட.

முனீரா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஐயோ அங்கிள்! இதுக்கா? எங்க வாப்பாவும் இப்படித்தான். ரெண்டு வாரம் இடது கால் செருப்பைக் கழட்டி ஸீட்டுக்கு அடியில போட்டுட்டு ஓட்டினாரு. நீங்க அந்தக் காலைத் தூங்க வச்சிடுங்க. கியரை D-ல போட்டு பிரேக்கை விட்டீங்கன்னா போதும். கேஸ் பெடலை மிதிக்கவே வேணாம், தானாப் போகும்."

"தானாவா?"

"தானாத்தான் லா. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. கிளட்ச்சை அவர் விடாமல் அவருடைய வண்டி ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. கேட்காமலே நகர்கிற வண்டியில், ஓட்டுகிறவனுக்கு என்ன மரியாதை?

சாங்கியில் இறங்கி, கடலோரம் ஒரு காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அந்த வழி புலப்பட்டது. ஏன் முன்பே தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டார். கோயில் வாசலில் எல்லோர் முன்னிலையிலும் சாவியைப் பரமசிவத்திடம் நீட்டிவிட வேண்டும். 'பெண் கொடுத்தவர் நீங்கள், இந்தக் கௌரவம் உங்களுக்குத்தான்.' தகப்பனார் சட்டத்தையே சம்பந்திக்காக விட்டுக்கொடுத்த பெருந்தன்மை! பரமசிவம் பல வருடம் ஆட்டோ கியர் ஓட்டியவர். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓட்டிவிடுவார். பார்ப்பவர்கள் தனசேகரனைத்தான் புகழ்வார்கள். அன்றிரவு பூவம்மாவின் முட்டிக்கு ஒரு குறையும் வரவில்லை.

பூஜை வெள்ளிக்கிழமை. வருண் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலையில் ஷோரூமிலிருந்து வண்டியை எடுத்து நேரே சிராங்கூன் சாலைக் கோயிலுக்குக் கொண்டு வந்துவிட்டான். மற்றவர்கள் ரயிலில் லிட்டில் இந்தியா வந்து இறங்கினார்கள். கோயிலின் பக்கத்துச் சந்தில் வெள்ளை வண்டி மல்லிகை மாலை போட்டுக்கொண்டு நின்றது. கைக்கடக்கமான வண்டி. பரமசிவம் வேட்டி கட்டிக்கொண்டு முன்பே வந்து காத்திருந்தார். டெக்காவிலிருந்து நடந்தே வந்துவிட்டாராம்.

குருக்கள் மந்திரம் சொல்லி, கற்பூரம் காட்டி, வண்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வருண் குனிந்து நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தான்.

"சரி, யார் எடுக்கறா? பத்தரைக்கு ராகு காலம் வந்துடும், சீக்கிரம்," என்றார் குருக்கள்.

வருண் சாவியைத் தகப்பனாரிடம் கொடுத்தான். தனசேகரன் அதை இரண்டு கையிலும் வாங்கி, ஒத்திகை பார்த்துவைத்த நடையில் பரமசிவத்திடம் போனார்.

"சம்பந்தி, பெண் கொடுத்தவர் நீங்க. என் வீட்டு விளக்கையே நீங்க கொடுத்திருக்கீங்க. இந்தக் கௌரவம் உங்களுக்குத்தான் சேரணும். நீங்க ஏறுங்க."

வைதேகியின் கண் கலங்கிவிட்டது. "மாமா!" என்றாள். பூவம்மா மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தனசேகரன் எதிர்பார்த்தது, பரமசிவம் ஒருமுறை மறுத்து, இரண்டாம் முறை தயங்கி, மூன்றாம் முறை வாங்கிக்கொள்வார் என்று. தமிழர் மரியாதைக்கு அதுதானே வாய்பாடு? ஆனால் பரமசிவம் பாம்பைக் கண்டவர் போலப் பின்வாங்கினார்.

"ஐயய்யோ, அது முறையில்ல. உங்க வீட்டுச் சட்டம் என்ன! நீங்கதான் ஏறணும்."

"சட்டத்தைக் காப்பாத்துறவன் நான். மாத்துறவனும் நான். ஏறுங்க."

"என்னால உங்க அப்பா பேச்சு மீறுச்சுன்னு ஆகக் கூடாது சம்பந்தி."

"எங்க அப்பா இருந்தா உங்களைத் தூக்கிட்டுப் போயி உள்ள உக்கார வச்சிருப்பாரு."

சாவி இருவர் கைக்கும் நடுவே பந்து போலப் போய் வந்தது. குருக்கள் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் அடுத்த பூஜைக்காக ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "அங்கிள், ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி ஓட்டுங்களேன்! லேட் ஆவுது லா!" என்றார். கோயிலுக்கு வந்தவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். இந்தக் காலத்தில் இப்படியும் சம்பந்திகளா என்று ஓர் அம்மாள் வியந்து பாராட்டினாள். பாராட்டு ஏற ஏறத் தனசேகரனுக்கு வியர்த்தது. எதிரே பார்த்தால், பரமசிவத்துக்கு அவரைவிட அதிகமாக வியர்த்திருந்தது.

"சம்பந்தி, ஒரு நிமிஷம்," என்று பரமசிவம் அவர் முழங்கையைப் பிடித்து, செருப்பு வைக்கும் அலமாரிப் பக்கம் இழுத்துப்போனார்.

"உங்க காலுல விழுறதா நினைச்சுக்குங்க. என்னை ஓட்டச் சொல்லாதீங்க. என் லைசென்ஸ் போச்சு."

"போச்சுன்னா?"

"தீபாவளிக்கு முன்னாடி மெடிக்கலுக்குப் போனேன். கண்ணுல பிரஷராம். ஓரத்துப் பார்வை குறைஞ்சிட்டே வருதாம். இனிமே ஓட்டக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். வண்டி வொர்க்‌ஷாப்லயும் இல்ல, ஒண்ணும் இல்ல. வித்துட்டேன்." அவர் குரல் தாழ்ந்தது. "வைதேகிக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே பெட்டிய எடுன்னு சொல்லி உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. பொண்ணு கொடுத்த வீட்டுல போயி உக்காந்து சாப்பிடுறவன்னு பேர் வாங்க எனக்கு மனசு வரல. அதனாலதான் அன்னிக்கு முந்திக்கிட்டு உங்க பேரைச் சொன்னேன். எங்கே மரியாதைக்காக என்னை ஏறச் சொல்லிடுவீங்களோன்னு பயம். கடைசியில அப்படியே பண்ணிட்டீங்களே!"

தனசேகரன் அவரையே பார்த்தார். கிண்டல் என்று நினைத்துத் தூக்கம் கெட்ட அந்தச் சிரிப்பு, பயந்த மனிதனின் சிரிப்பு. ஸ்பூனை எல்லாம் பரமசிவம் எப்போதோ மறந்துவிட்டிருக்கிறார். சுமந்துகொண்டு திரிந்தது இவர்தான்.

ஒருவர் தம் மானத்தை எடுத்து இன்னொருவர் கையில் வைத்தால், வாங்கியவர் வெறுங்கையோடு நிற்பது குடும்பத்துக்கு அழகில்லை.

"சம்பந்தி," என்றார் தனசேகரன். "எனக்கு ஆட்டோ கியர் ஓட்டத் தெரியாது."

"என்னது?"

"தெரியாது. தொட்டதே இல்ல. அதுக்குத்தான் சாவிய உங்ககிட்ட நீட்டினேன். பெருந்தன்மை, விளக்கு எல்லாம் சும்மா."

பரமசிவத்தின் தோள் குலுங்க ஆரம்பித்தது. செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டார். தனசேகரனுக்கும் அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. அத்தனை வாரமும் அங்கே கிடந்த கல் சிரிப்பாக உருண்டு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து பார்த்த வைதேகி, இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"அப்பா! ராகு காலம்!" என்று வருண் கூப்பிட்டான்.

"எனக்குக் கண்ணு இல்ல, உங்களுக்குப் பழக்கம் இல்ல," என்றார் பரமசிவம், கண்ணைத் துடைத்தபடி. "உங்களுக்கு லைசென்ஸ் இருக்கு, எனக்கு வித்தை இருக்கு. வாங்க, பக்கத்துல நான் உக்காந்துக்கறேன். வாயை மட்டும் அசைக்கறேன். மந்திரம் சொல்றேன்னு நினைச்சுக்குவாங்க."

அப்படியாக, பெரியவர் ஸ்டியரிங்கிலும் சம்பந்தி பக்கத்திலும் உட்காருவதென்று அறிவிக்கப்பட்டது. கூட்டம் கைதட்டியது. குருக்கள், "பேஷ்," என்றார். வேன்காரர் ஹாரன் அடித்தார்.

உள்ளே புது வண்டி வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து அடித்தது. வெறுங்காலுக்குக் கீழே பிரேக் அகலமாக, குளிர்ச்சியாக இருந்தது. தனசேகரன் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினார். முன்பலகையில் விளக்குகள் எரிந்தன. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"பிரேக்கை மிதிச்சிக்கிட்டு அமுக்கணும்," என்று பரமசிவம் கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு முணுமுணுத்தார். "வலது காலு. ஆங். இப்ப இடது காலைப் பின்னால இழுத்து ஸீட்டோட ஒட்டிக்குங்க. உயிரே போனாலும் அதை அசைக்காதீங்க. முருகா. கியரை D-க்குக் கொண்டாங்க. ஹேண்ட் பிரேக் அந்தச் சின்ன ஸ்விட்ச். முருகா. இப்ப மெதுவா காலை விடுங்க."

தனசேகரன் காலை விட்டார். வண்டி அசையவில்லை.

"தானாப் போகும்னு சொன்னாளே!"

"யாரு சொன்னா?"

"அதை விடுங்க. ஏன் போகல?"

"பழம் தடுக்குது. சின்ன எஞ்சின்தானே, முக்குது. கொஞ்சமா கேஸ் கொடுங்க. கட்டெறும்பு மேல கால் வைக்கிற மாதிரி."

அவர் கால் வைத்தார். வண்டி லேசாக முன்னே சாய்ந்தது. பிறகு அடியில் நாலு பழமும் ஒரே நேரத்தில் பச்சக்கென்று நசுங்கிய சத்தம் கேட்டது. சக்கரங்கள் ஏறி இறங்கின. வெளியே கைதட்டல். பூவம்மா பேத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், குழந்தையும் தட்டியது. வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல், பட்டுத் துணி நழுவுவது போலச் சந்தில் நகர்ந்தது.

தனசேகரன் மூச்சைவிட்டார். இத்தனை நேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"நிறுத்தட்டுமா?"

"எதுக்கு? இடது பக்கம் போங்க. ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

சந்தின் முனையைத் தாண்டி, காய்கறிப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்த கடைகளையும் பூக்கட்டுகிறவர்களையும் கடந்து போனார்கள். தனசேகரன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பழைய காரில் இந்நேரம் இரண்டு கியர் மாற்றியிருப்பார்.

"எப்ப மாறும்?"

"எது?"

"கியர்."

"மாறவே மாறாது சம்பந்தி. இதுல படி கிடையாது, உள்ள பெல்ட்டு. வழுக்கிக்கிட்டே போகும். பார்த்து, ஆளு வர்றாரு."

வாழையிலைக் கட்டோடு ஒருவர் சாலையில் இறங்கினார். தனசேகரனின் வலது கால் பிரேக்குக்குப் போனது. கூடவே, அத்தனை உபதேசத்தையும் மீறி, இடது காலும் ஓடி வந்து மிதித்தது. வண்டி சடக்கென்று நின்றது. இரண்டு பெரியவர்களின் தலையும் ஒரே நேரத்தில் முன்னே போய்ப் பின்னே வந்தன. மாலை ஒருபக்கமாகச் சரிந்தது. இலைக்காரர் திரும்பிப் பார்த்து, மாலையையும் குங்குமத்தையும் பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

"யாரும் பார்க்கல," என்றார் பரமசிவம்.

"நீங்க பார்த்தீங்களே."

"எனக்கு ஓரத்துப் பார்வை கிடையாது சம்பந்தி. டாக்டரே சொல்லியிருக்காரு."

மறுபடி இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் தனசேகரன் சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "பொண்ணுகிட்ட மறைக்காதீங்க. கண்ணு விஷயம். இன்னிக்கே சொல்லிடுங்க. உங்களை அந்த வீட்டை விட்டு யாரும் கிளப்ப மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு. எங்க வீட்டுல என் பேச்சுக்கு மேல பேச்சு கிடையாது."

"அப்படியா? சம்பந்தியம்மா அப்படிச் சொல்லலையே."

"அவ எதைத்தான் சரியாச் சொல்லியிருக்கா?"

சுற்றி வந்து கோயில் சந்தில் வண்டியை நிறுத்தினார். வலது கால் மட்டுமே மிதித்தது. இறங்கியதும் வைதேகி ஓடிவந்தாள். "ரெண்டு பேரும் என்ன சுலோகம் சொன்னீங்க? வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

பரமசிவம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே, மாலை போட்ட வண்டியின் மேல் சாய்ந்தபடி சொல்லிவிட்டார். கண், டாக்டர், விற்ற கார், எல்லாம்.

வைதேகிக்கு முதலில் கோபம் வந்தது. "தீபாவளிக்கு முன்னாடியா? இத்தனை மாசமா எங்ககிட்ட சொல்லாம, நீங்க தனியா ரோட்டைக் கிராஸ் பண்ணி... What were you thinking, அப்பா?" அழுகை பிறகு வந்தது. கடைசியில், எதிர்பார்த்தபடியே, "நாளைக்கே நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. பெட்டி நானே கட்டறேன்," என்றாள்.

"அம்மா வைதேகி," என்றார் தனசேகரன். அவர் அந்தக் குரலில் பேசினால் சரக்குப் பிரிவில் தூக்குவண்டிகளே நின்றுவிடும் என்பார்கள். "சம்பந்தி அவர் வீட்டுலதான் இருப்பார். சந்தை கீழேயே இருக்கு, கோயில் கூப்பிடு தூரம், கூட்டாளிங்க எல்லாம் அங்கதான். நம்ம வீட்டுலேர்ந்து ரயில் நேரா வருது. டாக்டர்கிட்ட போற அன்னிக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன். மத்த நாள் நீ வா, வருண் வரட்டும். அவர் நம்ம வீட்டுக்கு வர்றதா இருந்தா விருந்தாளியா வருவார், தலை நிமிந்து வருவார். அவராக் கேட்டா ஒழிய யாரும் பெட்டியத் தொடக் கூடாது. என்ன பூவம்மா?"

"நீங்க சொன்னா சரிதாங்க," என்றாள் பூவம்மா. பிறகு பரமசிவத்திடம் திரும்பி, "எப்பவாச்சும்தான் சரியாச் சொல்லுவாரு, அண்ணே. இது அதுல ஒண்ணு. ஆனா கண்ணு மருந்தை நேரத்துக்குப் போடலேன்னா நானே வந்து பெட்டி கட்டிடுவேன்," என்றாள்.

வைதேகி மாமனாரைப் பார்த்தாள், தகப்பனாரைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வாரத்துக்கு ரெண்டு நாள் நான் வருவேன். போன் பண்ணா எடுக்கணும்."

"எடுக்கறேம்மா," என்றார் பரமசிவம். பல மாதப் பாரத்தை இறக்கி வைத்தவரைப் போல வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

மதியச் சாப்பாடு புக்கிட் பாஞ்சாங்கில் என்று பூவம்மா முன்பே சொல்லியிருந்தாள். ஐந்து பேர் வண்டியில் ஆறு பேர் ஏற முடியாது. "நான் MRT ரயில்ல வந்துடறேன் லா, சாம்பார்ல முருங்கைக்காய் எடுத்து வைங்க," என்று வருண் நடந்துவிட்டான். தனசேகரன் சாவியை மருமகளிடம் கொடுத்தார்.

"நீங்களே ஓட்டுங்க மாமா. அழகா ஓட்டினீங்க."

அவர் ஒரு கணம் பரமசிவத்தைப் பார்த்தார். பரமசிவம் வானத்தைப் பார்த்தார்.

"பழம் நசுக்கத்தாம்மா நான் வந்தேன். விரைவுச்சாலை எல்லாம் இன்னும் கொஞ்சம் பழகணும். ஞாயித்துக்கிழமை காலையில நீ சும்மா இருந்தா, பக்கத்துல உக்காந்து எனக்குக் காட்டிக் கொடு."

சொல்லி முடித்தபோது வானம் இடிந்து விழவில்லை. வைதேகி, "சரி மாமா," என்று மட்டும் சொல்லி இருக்கையை முன்னே இழுத்துக்கொண்டாள். பூவம்மா முன்னால் ஏறினாள். ஏறுமுன் சேலைத் தலைப்பால் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால், நடுவில் குழந்தை இருக்கை, இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் சம்பந்தி. பேத்தி அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி புக்கிட் தீமா சாலையில் ஏறுவதற்குள் பரமசிவம் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். பல மாதம் சரியாகத் தூங்காதவரின் தூக்கம். தலை கண்ணாடியில் இடித்து இடித்துத் திரும்பியது. தனசேகரன் கையை நீட்டி, பூஜைப் பையிலிருந்த துண்டை மடித்து அவர் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகினார்.

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் மருமகளிடம் மெல்ல. "சம்பந்தி தூங்கறாரு. மெதுவாவே போ."